அம்மாவின் முற்றமும் பின்பக்கச் சரிவும்

கண்டியில், அம்பிட்டிய வீதியிலிருந்து பிரிந்து மலையேறும் ஒழுங்கையொன்றில் 2006ஆம் ஆண்டு 22 பேர்ச் நிலம் வாங்கினோம். 160 பேர்ச் சேர்ந்தால்தான் ஒரு ஏக்கர். ஆகவே இதைக் காணி என்று சொல்லிக்கொள்வதே கொஞ்சம் பெருமையடிப்புத்தான். ஆனால் ஹந்தானைத் தோட்டத்து லயத்தில் ஒற்றைக் காம்பராவில் பிறந்து வளர்ந்த எனக்கும், அதே காம்பராவில் எங்களையெல்லாம் பெற்று வளர்த்த அம்மாவுக்கும், உறுதியில் எங்கள் பெயர் எழுதப்பட்ட முதல் மண் அது. 1948இல் குடியுரிமை பறிபோன சனத்தின் வீட்டில் காணி உறுதி என்பது சாமிப் படத்துக்குப் பின்னால் வைக்கிற பொருள். அம்மா அங்கேதான் வைத்தார்.

நிலத்தில் பாதி, வீடு கட்டுமளவுக்குச் சமம். மற்றப் பாதி பின்பக்கம் சடாரென்று இறங்கும் சரிவு. அதில் பெரிய பலா ஒன்று, கித்துள், வரிசை தப்பிய கமுகுகள், மிளகுக்கொடி ஏறிய முள்முருக்கு, யாரும் நடாத கோப்பிச் செடிகள். இவை எல்லாவற்றின் மேலும் மணிப்பிளான்ட் ஏறிக் கிடந்தது. விற்றவர் சரிவுக்குத் தனியாக விலை பேசவில்லை. அது சும்மா கிடக்கிற இடம், வேண்டுமென்றால் வெட்டி எறியுங்கள் என்றார்.

வெட்டி எறிவது என்றுதான் அம்மாவும் முடிவு செய்திருந்தார். "நாலு ஆள் போட்டா ரெண்டு நாள்ல முடிஞ்சிரும் தம்பி. கவ்வாத்து வெட்டுன மாதிரி வெட்டிப்புட்டு, கீழ போஞ்சி போட்டுறலாம்."

அம்மா பல வருசம் மட்டக்கம்பு வைத்துக் கொழுந்தெடுத்தவர். பச்சை என்றால் அது இடுப்பளவில் வெட்டுப்பட்டு, மட்டம் பிடித்து, வரிசையில் நிற்கவேண்டும் என்பது அவர் கண்ணில் ஊறிப்போயிருந்தது. மண் என்றால் கூட்டிய மண். விடியுமுன்பே விளக்குமாற்றுச் சத்தம் கேட்கும். முற்றத்தில் ஒரு சருகு கிடக்க விடமாட்டார். லயத்து வாசலை அப்படி வெறும் மண்ணாய் வைத்திருந்ததற்குக் காரணங்கள் இருந்தன. பாம்பு வந்தால் தெரியவேண்டும். அட்டை ஏறக் கூடாது. பிரட்டுக்குப் போகிற நேரத்தில் எவர் வந்து பார்த்தாலும் இது ஒழுங்கான குடும்பம் என்று தெரியவேண்டும். சொந்தமில்லாத இடத்தைச் சுத்தமாய் வைத்திருப்பது ஒன்றைத்தான் யாரும் அவர்களிடமிருந்து பறிக்கவில்லை.

நான் குறுக்கே நின்றதற்குப் பெரிய கொள்கை எதுவும் கிடையாது. மேல்வீட்டு ஆச்சியின் தோட்டத்தைப் பார்த்திருந்தேன், அவ்வளவுதான்.

ஆச்சி சிங்களப் பெண்மணி, அம்மாவைவிட நாலைந்து வயது மூத்தவர். அவருடைய காணி எங்களுடையதைப்போல ஒன்றரை மடங்கு. வெளியிலிருந்து பார்த்தால் வீடு இருப்பதே தெரியாது. மேலே பலாவும் கித்துளும் ஈரப்பலாவும். அதற்குக் கீழே கராம்பு, சாதிக்காய், ஆனைக்கொய்யா, ஜம்பு. அதற்கும் கீழே கோப்பி, வாழை, மரவள்ளி. தரையில் இஞ்சி, மஞ்சள், வல்லாரை. ஒவ்வொரு மரத்திலும் மிளகு. கண்டிச் சுற்றுவட்டாரத்தில் பழைய வீடுகள் எல்லாம் இப்படித்தான் இருந்தன. 1980களில் ஆய்வாளர்கள் எழுதப்போய், கண்டி வீட்டுத் தோட்டம் என்பது மரமும் பயிரும் கலந்து செய்யும் விவசாயத்தைப் படிக்கிறவர்களுக்கு உலகம் முழுக்கத் தெரிந்த உதாரணம் ஆகிவிட்டது. ஆச்சிக்கு அது தெரியாது. இதையெல்லாம் யார் நட்டது என்று கேட்டேன்.

"பாதி என் மாமனார், புத்தே. பாதி கலவெத்தா."

கலவெத்தா என்றால் மரநாய். அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. கித்துள் பழத்தைக் கையால் பிசைந்தால் அரிப்பெடுக்கும். அதைப் பறித்து நாற்றுப் போடுகிற ஆட்கள் குறைவு. மரநாய் முழுதாய் விழுங்கி, ராத்திரியில் வேலியோரமாய் நடந்து போகிற இடமெல்லாம் கொட்டையைப் போட்டுவிட்டுப் போகிறது. கண்டிப் பக்கத்தில் காய்ச்சுகிற கித்துள் பாணிக்கும் கருப்பட்டிக்கும் பெரும்பாலான மரங்கள் இப்படித் தானாய் முளைத்தவை. எங்கள் சரிவில் நின்ற கோப்பியும் அதே கையால் நட்டதுதான். லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை போட்டதையும், 1869இல் வந்த இலைத்துரு நோயால் கோப்பித் தோட்டங்கள் அழிந்ததையும் வகுப்பில் வருசா வருசம் படிப்பித்திருக்கிறேன். துரைமார் கைவிட்ட கோப்பியை மரநாயும் கொண்டைக்குருவியும் கைவிடவில்லை என்பது பாடப்புத்தகத்தில் இல்லை.

மணிப்பிளான்ட் விசயத்தில் மட்டும் அம்மாவும் நானும் ஒரே கட்சி. எனக்கு அந்தக் கொடிமேல் இருந்த ஆத்திரம் உடவத்தகெலேயில் நடந்து நடந்து வந்தது. தலதா மாளிகைக்குப் பின்னால் எழும்பி நிற்கும் அந்தக் காடு, அரசர் காலத்தில் சனங்கள் நுழையக் கூடாத காடு. 1856இல் வனஒதுக்கமாகவும் 1938இல் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டது. 104 ஹெக்டேர்தான். பைரன் கவி பாடிய அழகி, பிற்பாடு இலங்கை ஆளுநரின் மனைவியாக இங்கே வந்த லேடி ஹோர்ட்டன், அவர் பெயரில் இன்றும் அங்கே ஒரு நடைபாதை இருக்கிறது. அந்தப் பாதையோரம் பல இடங்களில் நிலம் முழுக்க மணிப்பிளான்ட் விரித்துக் கிடக்கும். யாரோ ஒரு வீட்டுச் சாடியிலிருந்து வீசியதுதான் தொடக்கமாய் இருந்திருக்கும். அதன் அடியில் வேறு விதை முளைக்க வழியில்லை. இன்னொரு பக்கம் பெருபல்சாம் மரம். பேராதனைப் பூங்காவுக்கு வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த மரம், காட்டுக்குள் புகுந்து கன்றுகளாய் அடர்ந்துவிட்டது. பார்ப்பதற்கு எல்லாம் பச்சைதான். தேயிலை மலையும் அப்படித்தானே பச்சை: ஒரே செடி, ஒரே மட்டம், நடுவில் ஒரு குருவிக்கு இருக்க இடமில்லை.

மணிப்பிளான்டைப் பிடுங்குவது லேசில்லை. வெட்டி விழுந்த துண்டு ஒவ்வொன்றும் மண்ணைத் தொட்டால் வேர்விடும். அம்மா உட்கார்ந்த இடத்திலேயே நகர்ந்து நகர்ந்து, ஒரு கணுக்கூட விடாமல் பொறுக்கிச் சாக்கில் கட்டினார். மலையில் புல்லுப் பிடுங்கிய கை அது.

மற்றதற்கெல்லாம் உடன்படிக்கை போடவேண்டி வந்தது. முன்முற்றம் அம்மாவுக்கு. அங்கே செவ்வரத்தையும் துளசியும் தவிர எதுவும் முளைக்காது. வீட்டின் பின்னாலும் பத்தடி அகலத்துக்கு அம்மா கூட்டுவார். அதற்கப்பால், கறிவேப்பிலை மரத்திலிருந்து கீழே, விளக்குமாறு போகக் கூடாது.

அந்தப் பத்தடியை நான் முதலில் பேரத்தில் விட்டுக்கொடுத்ததாகத்தான் நினைத்தேன். உண்மையில் இந்தத் தோட்டத்தில் செய்த மிகப் புத்தியான காரியம் அதுதான். சருகு கிடக்கிற இடத்தில் குணகட்டுவா இருக்கும். மூக்கு நிமிர்ந்த சின்ன விரியன். சருகோடு சருகாய்ச் சுருண்டு கிடக்கும், கால் பட்டால் கடிக்கும். இலங்கையில் ஆட்களை அதிகம் கடிக்கிற விசப்பாம்பு அது. வெளிநாட்டுப் புத்தகங்களில் வீட்டுச் சுவரோரமே இலைகளைக் குவித்து வையுங்கள், தவளை வரும், பூச்சி வரும் என்று எழுதியிருப்பார்கள். கண்டியில் அப்படிச் செய்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும். கூட்டிய தரை ஒரு வளையமாய் வீட்டைச் சுற்றி இருக்க, அதற்கு வெளியே சருகு எவ்வளவு வேண்டுமானாலும் கிடக்கலாம். கீழே இறங்கினால் சப்பாத்து. கையால் சருகு அள்ளுவதில்லை, முள்ளுக்கரண்டியால் மட்டும். அணைச்சுவர்க் கல்லிடுக்கில் ஒரு சாரை குடியிருக்கிறது. அதனால் எலி குறைவு. அம்மா அதைப் பார்க்கும்போதெல்லாம் "போப்பா, போ" என்று மரியாதையாகச் சொல்லி அனுப்புவார்.

சருகை விட்டதற்கு முதல் பலன் ஒக்டோபரில் வந்தது. ஆறுமணிக்குருவி. இந்தியாவில், இமயத்து அடிவாரம் வரைக்கும், குஞ்சு பொரித்துவிட்டு மழைக்காலத்துக்குப் பிறகு தெற்கே இறங்கி, கடலையும் தாண்டி இங்கே வரும். ஏப்ரல் வரை இருக்கும். முதுகு பச்சை, இறக்கையில் நீலத் திட்டு, வயிற்றடி சிவப்பு, வால் என்று சொல்ல ஒன்றுமில்லை. இவ்வளவு நிறத்தையும் வைத்துக்கொண்டு அது வேலை செய்வதெல்லாம் தரையில். சருகைப் புரட்டி அடியிலுள்ள புழு பூச்சியைப் பொறுக்கித் தின்னும். காலையிலும் மாலையிலும் ஆறு மணி வாக்கில் இரண்டு சுரத்தில் விசிலடிக்கும். அதைக் கேட்டுத்தான் முதலில் கண்டுபிடித்தேன். பெயரை உறுதிப்படுத்த டி. எஸ். சேனாநாயக்க நூலகத்துக்குப் போய், ஹென்றி 1955இல் வெளியிட்ட இலங்கைப் பறவைகள் நூலைப் புரட்டினேன். வந்து அம்மாவுக்கு விளக்கினேன். இமயமலையிலிருந்து வருகிறதென்றால் வழியில் கதிர்காமத்துக்கும் போய்வருமா என்று கேட்டார்.

வண்ணத்துப்பூச்சி கதை வேறு மாதிரி. பேராதனைப் பக்கம் வீதியோரத்தில் விற்கிற பூங்கன்றுகளை வாங்கி வைத்தால் வண்ணத்துப்பூச்சி வரும், உண்மை. தேன் குடிக்கும், போய்விடும். அது தங்கவேண்டுமென்றால் அதன் புழு தின்ன இலை வேண்டும். ஒவ்வொரு இனத்துக்கும் ஒவ்வொரு இலை. வேறெதையும் வாயில் வைக்காது. கறிவேப்பிலையிலும் தேசியிலும் கறுப்பு வெள்ளையாய்ப் பறவை எச்சம் போல ஒட்டிக்கொண்டிருப்பது எச்சமில்லை, புழு. பெரிதானதும் பச்சையாகும். பிறகு வாலுள்ள கறுப்பு வண்ணத்துப்பூச்சியாய்ப் போகும். கறுவா மரத்தில் வேறொன்று, அன்னமுன்னாவில் வேறொன்று. கறிவேப்பிலை மரம் உடன்படிக்கையின் எல்லைக் கல்லாய் இருந்ததால், அதன் மேல் இருக்கிற புழு யாருடையது என்பதில் வழக்கு வந்தது. கறிக்குப் பறிக்கப் போன என் மனைவி தீர்ப்புச் சொன்னார்: எட்டுகிற கிளை சமையலுக்கு, எட்டாத கிளை புழுவுக்கு.

ஈச்சுரமூலிக் கொடியை நாட்டு வைத்தியர் ஒருவரின் வேலியிலிருந்து தண்டாய் வாங்கி வந்து நட்டேன். இலங்கையில் மட்டுமே உள்ள, இந்த நாட்டின் தேசிய வண்ணத்துப்பூச்சியான அந்தப் பெரிய கறுப்பு மஞ்சள் பூச்சியின் புழு இந்தக் கொடியின் இனத்தைத்தான் தின்னும். கொடியிலுள்ள விசம் புழுவின் உடம்பில் ஏறி, பிறகு பூச்சியிலும் இருக்கும்; குருவி ஒருமுறை கொத்தினால் மறுமுறை கிட்டப் போகாது. நட்டு இரண்டு பருவம் கொடிதான் வளர்ந்தது. பூச்சி வேலிக்கு மேலால் பறந்து போவதைப் பார்ப்போம், இறங்காது. கொடி கமுகில் ஏறி நிழலுக்குப் போன பிறகே முட்டை வைத்தது. அந்த வருசம் கொடியில் ஓர் இலை மிஞ்சவில்லை. வைத்தியர் வந்து பார்த்து, மருந்துச் செடியை இப்படிப் பூச்சிக்குக் கொடுத்துவிட்டீர்களே என்றார். ஆனாலும் இன்னொரு தண்டு கொண்டுவந்து தந்தார்.

தண்ணீர்தான் பெரிய தலையிடி. குருவிகளுக்கு ஒரு கல்தொட்டி வைத்தேன். கீழே ஒரு சின்னக் குளம் வெட்டவும் எண்ணம் இருந்தது. 2017இல் நாடு முழுக்க 186,000 பேருக்கு மேல் டெங்கு வந்து, நானூறு பேருக்கு மேல் செத்துப்போனார்கள். எங்கள் ஒழுங்கையிலும் வீட்டுக்கு வீடு காய்ச்சல். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் டோர்ச்சோடு வந்தார். வெட்டிய மூங்கிற் கட்டை, அன்னாசி இலைக் கக்கம், சிரட்டை, கூரைப் பீலி என்று நான் நினைத்தே பார்த்திராத இடங்களில் எல்லாம் அடித்துப் பார்த்தார். கல்தொட்டியருகில் நின்றார்.

"சேர், குருவிக்குத் தண்ணி வைக்கிறது புண்ணியந்தான். நுளம்புக்கும் சேர்த்துப் புண்ணியம் பண்ணாதீங்க."

கொட்டிவிட்டால் போதாது, தேய்க்கவேண்டும் என்று அவர்தான் சொல்லித் தந்தார். இந்த நுளம்பின் முட்டை தொட்டியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, தண்ணீரில்லாமலே மாதக்கணக்கில் காத்திருக்கும். முட்டையிலிருந்து நுளம்பாக ஒரு வாரம், பத்து நாள். அன்றிலிருந்து தினமும் காலையில் அம்மா பொச்சால் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் விடுகிறார். அந்த வேலையை வேறு யாரிடமும் கொடுப்பதில்லை. புலுனிக் கூட்டம் குளிக்க வரும் நேரம் அவருக்கு மனப்பாடம்.

குளத்தைக் கைவிட்டேன். தவளை இல்லாமல் போகுமே என்ற கவலை, இந்த மலைநாட்டைப் பற்றிப் படித்த பிறகு போய்விட்டது. இலங்கையின் புதர்த்தவளைகளுக்குக் குளமே தேவையில்லை. எழுபதுக்கும் மேற்பட்ட இனங்கள் இங்கே பதிவாகியுள்ளன. அவை முட்டையை ஈரமண்ணிலோ இலையிலோ வைக்கும்; வாற்பேத்தை என்ற கட்டமே கிடையாது; முட்டைக்குள்ளேயே முழுத்தவளையாகி, சின்னஞ்சிறிதாய்க் காலும் கையுமாக வெளியே வரும். அவற்றில் ஒன்று 2005இல்தான் விஞ்ஞானிகளால் தனியினமாகப் பெயரிடப்பட்டது. கண்டிப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களிலும் வேலிகளிலும் வாழ்கிற தவளை அது. காட்டுக்குள் போய்த் தேடவேண்டிய அவசியமில்லாமல் சனங்களின் கோப்பிச் செடியிலேயே உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்திருக்கிறது. அந்தத் தவளைக்கு வேண்டியது ஈரம், நிழல், சருகு. மூன்றும் சரிவில் இருந்தன. மழை விட்ட இரவுகளில் அது கல்லைக் கல்லால் தட்டுகிற சத்தம் போடும்.

இதுவரை சொன்னது அழைத்தால் மகிழ்கிற விருந்தாளிகள். இனி மற்றவர்கள்.

மரநாய் சீலிங்கில் குட்டி போட்டது. கண்டியில் பழைய வீட்டுக்காரர் யாரைக் கேட்டாலும் இந்தக் கதை இருக்கும். ராத்திரி ஒரு மணிக்கு ஓட்டுக்குக் கீழே ஓட்டப்பந்தயம், பிறகு சீலிங் பலகையில் மஞ்சள் கறை. "என்னாங்க, ஒங்க விருந்தாளி தானே, நீங்களே கழுவுங்க" என்றார் மனைவி. குட்டிகள் வளர்ந்து வெளியேறும் வரை காத்திருந்து, பிறகு ஓட்டிடுக்கைத் தகரத்தால் அடைத்தோம். அது பலாவின் பொந்துக்குப் போய்விட்டது. கித்துள் பழுக்கும்போது மட்டும் கூரை வழியாய்ப் போய்வருகிறது. காட்டுப்பன்றி ஒரே ராத்திரியில் மரவள்ளிப் பாத்தியை உழுதுவிட்டுப் போனது. முள்ளம்பன்றி மிச்சத்தை முடித்தது. கிழங்கு போடுவதை விட்டுவிட்டோம். பேராதனைப் பூங்காவில் ஆயிரக்கணக்கில் தொங்கும் பழந்தின்னி வௌவால்களில் சில, ஜம்பு பழுக்கிற மாதம் எங்கள் வீட்டுக்கும் வந்து சண்டை போட்டு முற்றத்தைக் கொட்டையாலும் எச்சிலாலும் நிரப்பும். விடிந்ததும் அம்மாவின் வசவு மேல்வீதி வரை கேட்கும். ஆபிரிக்க நத்தை 1900 வாக்கில் இந்தத் தீவுக்கு வந்ததாம், அன்றிலிருந்து தின்கிறது. அதற்குச் செண்பகம் இருக்கிறது. ஓட்டை உடைத்து நத்தையைத் தின்கிற பறவை அது. உப்புப் போடுவதை நிறுத்திய பிறகு செண்பகச் சோடி ஒன்று வேலியோரத்திலேயே தங்கிவிட்டது. நத்தை முடியவில்லை, ஆனால் கத்தரிக் கன்று பிழைக்கிறது.

குரங்குக்கு எந்தப் பறவையும் இல்லை.

ரிலவா என்று சிங்களத்தில் சொல்லும் செம்முகக் குரங்கு உலகத்தில் இலங்கையில் மட்டுமே உண்டு. பொலன்னறுவையில் வொல்ப்காங் டிட்டஸ் என்ற ஆய்வாளர் 1968இலிருந்து இவற்றையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மனிதர் தருகிற தீனியும் குப்பையும் எங்கே கிடைக்கிறதோ அங்கே கூட்டம் பெருகும் என்பதை அவருடைய வேலை நீண்டகாலக் கணக்கோடு காட்டியது. கண்டி நகரத்தில் குப்பைக்குக் குறைவில்லை. கூட்டம் ஹந்தானைப் பக்கமிருந்து கூரை கூரையாய் வரும். ஓட்டைப் புரட்டும், தண்ணீர்த் தாங்கியின் மூடியைக் கழற்றும், ஆனைக்கொய்யாவை ஒரு கடி கடித்து எறிந்துவிட்டு அடுத்ததைப் பறிக்கும். தேன்சிட்டுக்கு மட்டும் மரம், குரங்குக்கு இல்லை என்று மரத்தில் பலகை மாட்ட முடியாது. நான் அதைப் பகிர்ந்துண்ணல் என்று அழகாகப் பேசிக்கொண்டிருந்தேன், 2022இன் நெருக்கடி வரும் வரை.

அந்த வருசம் எரிவாயு இல்லை, மா இல்லை, பால்மா இல்லை. கிளிசரிடியா வேலிக் கம்பும் கமுகு மட்டையும்தான் அடுப்பு. பலா எங்களுக்கு மாத்திரம் சோறு போடவில்லை, ஒழுங்கையில் நாலு வீட்டுக்குப் போட்டது. முதலாம் உலகப்போர்க் காலத்துக் கலவரத்தில் சிறைக்குப் போய்வந்த ஆர்தர் வி. டயஸ் ஊர் ஊராய்ப் பலாக்கன்று நடவைத்ததையும், கொஸ் மாமா என்று அவரைச் சனங்கள் அழைத்ததையும், 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி இன்றும் அனுமதி இல்லாமல் பலாவை வெட்ட முடியாது என்பதையும் அந்த மாதங்களில்தான் சரியாக விளங்கிக்கொண்டேன். அம்மா விளக்கம் எதுவும் கேட்கவில்லை. 1973, 74இல் தோட்டங்களில் பட்டினியால் சனங்கள் செத்ததைப் பார்த்தவர். கம்பொன்றை எடுத்துக்கொண்டு பலாவுக்கடியில் கதிரை போட்டு உட்கார்ந்தார். "அப்ப ஒரு பலா இருந்திருந்தா எந் தங்கச்சி இருந்திருப்பா" என்றார். குரங்குகளுக்கு அந்த வருசம் ஒரு சுளைகூடக் கிடைக்கவில்லை. நானும் பங்கு கேட்டு வாதாடவில்லை. உச்சிக்கிளைக் காய்கள் எட்டாமல் பழுத்து வெடித்தன. அவற்றை அணிலும் வௌவாலும் குக்குறுவானும் பார்த்துக்கொண்டன. பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது: பொலசுக்கும் கறிக்கும் கீழ்க்காய் எங்களுக்கு, உச்சியில் இருப்பது அவற்றுக்கு. காய்க்கிற பருவம் முழுக்கக் கதிரை மரத்தடியிலேயே இருக்கும். அம்மா இருந்தாலும் இல்லாவிட்டாலும் குரங்கு அந்தக் கதிரைக்குப் பயப்படுகிறது.

2023இல் ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பலாம் என்று பேச்சு வந்தது, போனது. 2025 மார்ச் 15, சனிக்கிழமை, காலை 8 மணியிலிருந்து 8.05 வரை நாடு முழுக்க எல்லாரும் தங்கள் காணியில் நிற்கிற குரங்கு, வந்துரா எனும் நீளவால் மந்தி, மலையணில், மயில் எல்லாவற்றையும் எண்ணித் தரச் சொன்னார்கள். படிவம் வீட்டுக்கு வந்தது. நான் பேனாவோடு சரிவில் நின்றேன், மனைவி முன்முற்றத்தில், அம்மா கதிரையில். எட்டு மணி, ஒன்றுமில்லை. எட்டு நாலு, அணில் ஒன்று. அது சாதாரண அணில், படிவத்தில் அதற்கு இடமில்லை. எட்டு ஐந்துக்குப் பூச்சியம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்தபோது கூட்டம் முழுதும் தாங்கி மேல் வந்து இறங்கியது. "அதுகளுக்கு நேரஞ் சொல்லியனுப்பலையா?" என்றார் அம்மா. எண்ணுவதைத் தப்பென்று நான் சொல்லமாட்டேன். பயிரெல்லாம் போன விவசாயிக்கு ஏதாவதொன்று செய்யத்தான் வேண்டும். ஆனால் எங்கள் ஒழுங்கையில் குரங்குத் தொல்லை கூடியது எப்போதென்று எனக்குத் தெரியும். ஆச்சியின் தோட்டம் போன பிறகு.

ஆச்சி இறந்ததும் வெளிநாட்டிலிருந்த பிள்ளைகள் காணியைப் பத்துப் பேர்ச் துண்டுகளாய்ப் பிரித்து விற்றார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. எங்கள் 22 பேர்ச்சும் எவருடையதோ பெரிய தோட்டத்தைப் பிரித்து விற்ற துண்டுதான். ஜேசீபி வந்தது. பலாவுக்கு அனுமதி கேட்டுக் காத்திருந்தார்கள். கராம்பு, சாதிக்காய், ஜம்பு, கித்துளுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. சரிவைச் செங்குத்தாய் வெட்டிக் கொங்கிறீட் போட்டார்கள். மரத்துக்கு மரம் மேலாலேயே போய்க்கொண்டிருந்த வழி அறுந்தது. குரங்குகள் இப்போது கூரை வழியாகத்தான் போகவேண்டும், ஆகவே ஒவ்வொரு கூரையிலும் நின்று போகின்றன. கபரகொய்யா என்கிற பெரிய உடும்பு ஒன்று எங்கள் அணைச்சுவருக்குக் கீழே குடிவந்தது. ஆறுமணிக்குருவி அந்த ஒக்டோபரில் இரண்டு வந்தது. வழக்கமாய் ஒன்றுதான் தன் இடத்தைக் காத்துக்கொண்டு நிற்கும். இரண்டும் ஒன்றையொன்று துரத்தியே நாளைக் கழித்தன. 22 பேர்ச்சில் ஒரு மனுசன் என்ன நட்டாலும் அதன் கொள்ளளவு அவ்வளவுதான். ஏரிக்கு அந்தப் பக்கம் உடவத்தகெலேயும் இந்தப் பக்கம் ஹந்தானையும் இருக்க, நடுவில் ஆச்சியினுடையதைப் போன்ற காணிகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததால்தான் என்னுடையது தோட்டமாய் இருந்தது.

மேல்துண்டில் வீடு கட்டியிருப்பது மாத்தளைப் பக்கத்திலிருந்து வந்த இளம் தம்பதி. வங்கியில் வேலை. நல்ல பிள்ளைகள். போன மாதம் வந்து, எங்கள் முள்முருக்கின் காய்ந்த கிளை அவர்களுடைய பீலிக்கு மேல் நிற்கிறது, அதிலிருந்துதான் குரங்கு குதிக்கிறது, வெட்டித் தரமுடியுமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. கூலியில் பாதி தருவதாகவும் சொன்னார்கள். மரமேறுகிறவரைக் கூட்டிவந்தேன். அவர் பாதி ஏறி நின்றுகொண்டு, கிளையின் அடியில் புதிதாய்த் துளைத்த வட்டப் பொந்தொன்று இருக்கிறது, உள்ளே குக்குறுவான் உட்கார்ந்திருக்கிறது, இதை வெட்டினால் பாவம் என்றார். காய்ந்த மெதுமரத்தில்தான் அது பொந்து குடையும். பச்சைக் கிளையாய் இருந்தால் வந்தே இருக்காது. மேல்வீட்டு இளம் கணவன் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்து, குஞ்சு எப்போது பறக்கும் என்று கேட்டான். ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும் என்றேன். தன் மனைவியைப் பார்த்தான். அவள் பீலியைப் பார்த்தாள். அதுவரை பீலிக்கு ஒரு கம்பிவலை போட்டுத் தருவது என் செலவு என்று முடிவாயிற்று. மரமேறுகிறவர் ஏறிய ஏற்றத்துக்கும் அடுத்த முறைக்கான முற்பணத்துக்கும் சேர்த்து வாங்கிக்கொண்டு, வைகாசியில் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.